வாகைக்குளம் விமான நிலைய வேலை: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: பி.காம். முடித்த என் மகளுக்கு வாகைக்குளத்திலுள்ள தூத்துக்குடி விமான நிலையத்தில், குறைந்த கட்டண விமான நிறுவனம் ஒன்றின் தரைப்பணிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. ஆண்டுக்கு 2.40 லட்சம் என்கிறார்கள். ஆள் எடுக்கும் ஏஜென்சி 20,000 ரூபாய் டெபாசிட் கேட்கிறது. சேர்க்கலாமா? பாளையங்கோட்டையிலிருந்து போய்வர முடியுமா?

பதில்: டெபாசிட் மட்டும் கட்டாதீர்கள். விமான நிறுவனங்கள் வேலை தரப் பணம் வாங்குவதில்லை. கேட்டாலே மோசடி என்று வையுங்கள். அசல் சான்றிதழையும் கொடுக்காதீர்கள், சரிபார்க்க நகல் போதும். கடிதம் உண்மைதானா என்று விமான நிலையத்திலுள்ள அந்த நிறுவன அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

அடுத்து, சம்பளம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். சட்டை விமான நிறுவனத்துடையதாக இருக்கும், ஆர்டர் ஒப்பந்ததாரர் பெயரில் இருக்கும். ஒப்பந்தம் கைமாறினால் வேலையும் ஆட்டம் காணும். ஒப்பந்ததாரர் சம்பளம் தராவிட்டால் அதைத் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. அதற்கு ஆதாரம் வேண்டும். மாதாமாதம் சம்பளச் சீட்டை வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

2.40 லட்சம் என்பது சி.டி.சி., அதாவது நிறுவனம் அவளுக்காகச் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வரும் சம்பளமல்ல. மாதம் 20,000. அடிப்படைச் சம்பளம் 10,000 என்று வைத்தால், முதலாளி பங்கான பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 1,200, கிராஜுவிட்டி (பணிக்கொடை) 481, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) சுமார் 577 முதலிலேயே போய்விடும். மீதி 17,742-இல் மகளின் பி.எஃப். 1,200-ம் இ.எஸ்.ஐ. 133-ம் கழித்தால் கைக்கு 16,400 சொச்சம். சேர்ந்த இரண்டாம் மாதமே உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து, பிடித்த பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

வேலைச் சுமைதான் பலரும் கேட்காமல் விடுவது. குறைந்த கட்டணத்தின் சூட்சுமமே விமானத்தைத் தரையில் நிற்கவிடாமல் பறக்க வைப்பது. ஏ.டி.ஆர். என்ற சிறிய விசிறி விமானம் வந்து நின்று மறுபடி கிளம்ப அரை மணி நேரம்கூட இருக்காது. சிறிய நிலையங்களில் கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுத்த பெண்ணே ஓடிப்போய் கேட்டில் நிற்பாள், பிறகு பெட்டி வரவில்லை என்ற புகாரையும் எழுதுவாள். கணக்காகத்தான் ஆள் போட்டிருப்பார்கள். ஒருத்தர் லீவு எடுத்தால் இன்னொருத்தருக்கு இரட்டை ஷிப்ட். 2025 டிசம்பரில், விமானிகளின் புதிய ஓய்வு விதிக்கேற்ற ஆள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தபோது, பயணிகளின் ஆத்திரத்தை நேருக்கு நேர் வாங்கியதும் கவுன்டரில் நின்ற பிள்ளைகள்தான்.

ஆகவே இவற்றை எழுத்தில் கேளுங்கள்: ஒரு ஷிப்டுக்கு எத்தனை பேர், வார விடுமுறை எந்த நாள், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) எப்படி. வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் செய்தால் இரட்டிப்புக் கூலி. வேலையை விட்டால் அபராதம் என்ற பாண்டு இருந்தால் தொகையையும் காலத்தையும் பார்க்காமல் கையெழுத்து வேண்டாம். விமானத்தின் அருகே போகும் வேலை என்றால் ஒளிரும் ஜாக்கெட், காதடைப்பான் கொடுத்தாக வேண்டும், ஏ.டி.ஆரின் விசிறி முழுதாக நிற்கும்வரை அந்தப் பக்கம் போகவே கூடாது.

போக்குவரத்து: தூத்துக்குடி பஸ் வாகைக்குளம் வழியாகத்தான் போகிறது, பகல் ஷிப்டுக்குப் போய்வரலாம். முதல் விமானத்துக்கு விடியுமுன் நிற்க வேண்டியவளுக்கு அது உதவாது. காலை 6-க்கு முன்பும் இரவு 7-க்குப் பின்பும் பெண்ணை வேலைக்கு வைக்க அவள் சம்மதம் வேண்டும். கம்பெனி வண்டி வீட்டு வாசல்வரை வருமா, நெல்லை வண்ணாரப்பேட்டையிலேயே இறக்கிவிடுமா என்று கேட்டுவிட்டுச் சம்மதிக்கட்டும். வண்டி இல்லையென்றால் தூத்துக்குடியில் விடுதி பார்க்க வேண்டியிருக்கும். அந்த வாடகையை 16,400-இல் கழித்துப் பார்த்து முடிவெடுங்கள்.