கல்யாணம் ஒரு நாள்தான், மிச்ச நாலு நாள் மால்டாவில் என்ன செய்வது?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் மத்தியதரைக் கடலில் இருக்கும் தீவு நாடான மால்டாவைப் பற்றித்தான். லண்டன் பக்கம் குடியேறிய நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இப்போது கல்யாணத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறார்கள். விமானத்தில் மூணேகால் மணி நேரம், ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று, மழை பெய்து பந்தல் நனையும் என்ற பயம் குறைவு. சரி, கேள்விகளுக்கு வருவோம்.

*

அக்கா மகனுக்கு செப்டம்பர் இரண்டாம் வாரம் மால்டாவில் கல்யாணம். நான், கணவர், 72 வயது அம்மா, 8 வயது மகள், நாலு பேரும் போகிறோம். மொத்தம் 5 நாள். பத்திரிகையோடு ‘பார்க்க வேண்டியவை’ என்று 14 இடம் போட்ட ஒரு தாளும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க எப்படித் திட்டம் போடுவது?
– வாசகி, மதுரை

முடிக்க வேண்டாம். அந்தத் தாளைப் போட்டவர்களுக்கு வயது 28 இருக்கும், உங்கள் அம்மாவுக்கு 72. வரைபடத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும், மொத்த நாடே 316 சதுர கிலோமீட்டர், நம் சென்னை மாநகராட்சியே 426. ஒரே நாளில் சுற்றிவிடலாம் போலத் தோன்றும். நானும் அப்படி நினைத்துத்தான் போனேன். வடக்கு முனையில் இருக்கும் படகுத் துறைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினால், முதல் இரண்டு பஸ்ஸும் நிரம்பி வழிந்து நிறுத்தத்தில் நிற்காமலேயே போய்விட்டன, மூன்றாவதில் தொற்றிக்கொண்டு நின்றபடியே போய்ச் சேர இரண்டரை மணி நேரம், திரும்பி வந்தால் மெஹந்தி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அதனால் நான் சொல்லும் கணக்கு இது. காலையில் ஒன்று, வெயில் இறங்கிய பிறகு ஒன்று, நடுவில் அறையில் தூக்கம். செப்டம்பரிலும் மத்தியான வெயில் சுண்ணாம்புக்கல் சுவர்களில் பட்டு முகத்தில் அடிக்கும். கல்யாண நாளையும் அதற்கு அடுத்த காலையையும் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். மிஞ்சுவது மூன்று காலை, நாலு மாலை, அவ்வளவுதான்.

முதல் காலையை வலெட்டாவுக்குக் கொடுங்கள். தலைநகரம் என்று பெயர், பரப்பளவு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை. 1565இல் துருக்கியர் முற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித யோவான் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் படைச் சபையினர், அடுத்த வருஷமே கட்ட ஆரம்பித்த நகரம், பெயர் அவர்கள் தலைவர் லா வலெட்டினுடையது. ரிபப்ளிக் தெரு முதுகெலும்பு மாதிரி நடுவில் ஓடும், அதிலேயே போனால் அம்மாவுக்குச் சிரமமில்லை. குறுக்குத் தெருக்கள் பல கடலைப் பார்த்துச் சரிந்து படிக்கட்டாகவே இறங்கும், அங்கே அவரைக் கூட்டிப்போகாதீர்கள். புனித யோவான் இணைப் பேராலயம் வெளியே பார்க்க பட்டாளக் குடியிருப்பு போல மொட்டையாக இருக்கும். உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். தரை முழுக்க நிறநிறமான சலவைக்கல், ஏறத்தாழ 400 கல்லறைப் பலகைகள், சிலவற்றில் எலும்புக்கூடு ஒன்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கீழே படுத்திருக்கும் வீரர்கள் மேல்தான் எல்லோரும் நடக்கிறார்கள். பக்கத்து மண்டபத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608இல் வரைந்த ஓவியம், யோவானின் தலை வெட்டப்படும் காட்சி. அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான், அதையும் வழிந்து கிடக்கும் ரத்தத்திலேயே எழுதியிருக்கிறார். அதே வருஷம் இதே மண்டபத்தில், இதே ஓவியத்துக்கு முன்னால் கூடித்தான், வீரர்கள் சபையில் சேர்ந்திருந்த அவரை அதிலிருந்து நீக்கினார்கள். மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள், ஓவியத்தைக் காட்டலாமா என்பது உங்கள் விருப்பம்.

ஞாயிற்றுக்கிழமையும் பொது விடுமுறையிலும் பேராலயத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். செப்டம்பர் 8 அங்கே பொது விடுமுறை, உங்கள் தேதியில் அது வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஏமாற்றமில்லை, அன்று வலெட்டாவின் பெரிய துறைமுகத்தில் படகுப் போட்டி உண்டு, ஊருக்கு ஒரு அணி, கரையில் நிற்கிறவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மற்ற நாளாக இருந்தால் பகல் சரியாக 12 மணிக்கு ‘மேல் பராக்கா’ என்கிற தோட்டத்தில் இருங்கள், கீழே வரிசையாக நிற்கும் பீரங்கிகளில் ஒன்றைச் சுடுவார்கள். அப்புறம் அங்கேயே லிஃப்டில் கீழே இறங்கி, தய்ஸா என்கிற சின்ன மரப்படகில் ஏறி எதிர்க்கரை பிர்குவுக்குப் போகலாம், ஐந்தாறு நிமிஷம்தான்.

ஒரு மாலை இம்தீனா, சுவருக்குள் இருக்கும் பழைய தலைநகரம். வெளியூர் வண்டிகளை உள்ளே விடுவதில்லை, சாயங்காலம் சுற்றுலாக் கூட்டம் கலைந்த பிறகு உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். இன்னொரு காலை மகளுக்காக மெல்லீஹா பக்கத்து கதீரா கடற்கரை. மால்டாவில் பெரும்பாலும் பாறைக்கரைதான், இது மணல், நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர். ஞாயிறு கிடைத்தால் மர்சஷ்லொக் மீன் சந்தை, மஞ்சளும் நீலமும் சிவப்பும் அடித்த படகுகள், ஒவ்வொன்றின் மூக்கிலும் ஒரு ஜோடிக் கண். கண்திருஷ்டிக்குத்தான், அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். எந்த பஸ், எத்தனை மணிக்கு, டிக்கெட் எவ்வளவு என்று மாப்பிள்ளைக்கு போன் போடாதீர்கள். 80 விருந்தாளிகள், ஆளுக்கு இரண்டு போன் என்றால் அவன் எப்போது தாலி கட்டுவான்?

*

எங்களுக்கு வந்த பத்திரிகையில் கடலுக்குள் ஒரு பெரிய கல் வளைவு, வாசல் மாதிரி. அதன் முன் குடும்பமாக நின்று போட்டோ எடுக்க ஆசை. எங்கே இருக்கிறது?
– வாசகர், சேலம்

இருந்தது. நீலச் சாளரம் என்பார்கள், கோசோ தீவின் த்வெய்ரா கரையில். 2017 மார்ச் 8ஆம் தேதி காலை, புயலில் மொத்தமாக இடிந்து கடலுக்குள் போய்விட்டது, தூண்கூட மிஞ்சவில்லை. பத்திரிகை அடித்தவர் பழைய படத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். ஆனாலும் த்வெய்ராவுக்குப் போங்கள், பாறைக்குள் ஒரு குகை வழியாகக் கடல் உள்ளே வந்து தேங்கிய ஒரு குளம் இருக்கிறது, கடல் அமைதியாக இருந்தால் சின்னப் படகில் அந்தக் குகையைத் தாண்டி வெளிக்கடலுக்குக் கூட்டிப்போவார்கள்.

*

கோசோவா, கொமினோவா? ஒரு நாள்தான் இருக்கிறது. கொமினோ தீவின் நீலத் தண்ணீர் படத்தைப் பார்த்துவிட்டு என் பிள்ளைகள் விடமாட்டேன் என்கிறார்கள்.
– வாசகர், தூத்துக்குடி

கோசோ. படத்தில் தண்ணீர் பொய்யில்லை, அவ்வளவு நீலம்தான். ஆனால் படத்தில் கூட்டம் இல்லை பாருங்கள். கோடையில் கால் வைக்கப் பாறை கிடைக்காது, நிழலும் கிடையாது. கூட்டம் தாங்காமல் இப்போது முன்பதிவு செய்தவர்களை மட்டும்தான் அந்தக் கரையில் விடுகிறார்கள். பதிவுக்குக் காசில்லை, ஆனால் மறந்துவிட்டுப் போய் நிற்காதீர்கள். பிள்ளைகள் பெரியவர்கள் என்றால் காலை முதல் படகில் போய்ப் பத்தரைக்குள் திரும்பட்டும்.

கோசோவுக்கு சிர்கெவ்வாவிலிருந்து பெரிய கப்பல், 25 நிமிஷம். போகும்போது யாரும் காசு கேட்கமாட்டார்கள், பயந்துவிடாதீர்கள், திரும்பி வரும்போதுதான் வசூல். அந்தப் பக்கம் இறங்கியதும் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு டாக்ஸியை நாள் முழுக்கப் பேசிவிடுங்கள். விக்டோரியா ஊரின் நடுவில் மேட்டில் கோட்டை, ரம்லாவில் செம்மண் நிற மணல் கரை. அப்புறம் தூத்துக்குடிக்காரருக்கு என்று சொல்கிறேன், ஷ்வெய்னி உப்பளம். நம் ஊர் பாத்தி மாதிரி மண்ணில் கட்டியது இல்லை. கரைப் பாறையிலேயே கட்டம் கட்டமாக வெட்டியிருக்கிறார்கள், சில கட்டம் வீட்டுத் தொட்டி அகலம்தான் இருக்கும். கோடையில் உப்பளக் குடும்பங்களே உப்பை வாரி, பொட்டலம் கட்டி வழியோரம் விற்கிறார்கள். வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்து உங்கள் தீர்ப்பை எழுதுங்கள்.

*

பட்டுப்புடவையும் ஹீல்ஸும் சரிப்படுமா?
– வாசகி, கோவை

புடவை சரிப்படும், ஹீல்ஸ் படாது. தெருவெல்லாம் கல் பாவியது, இம்தீனாவில் ஊசிக்குதி மாட்டிக்கொண்டால் நீங்கள் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். யோவான் பேராலயத்தில் மெல்லிய குதி போட்டவர்களை அந்தச் சலவைக்கல் தரை கெடும் என்று உள்ளேயே விடுவதில்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், கையில்லாத ஜாக்கெட் என்றால் முந்தானையைப் போர்த்திக்கொள்ளுங்கள். இந்த விதி ஆண்களின் அரைக்கால் சட்டைக்கும் உண்டு, உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள்.

*

நாங்கள் சுத்த சைவம். கல்யாணச் சாப்பாடு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், மற்ற வேளைக்கு ரசப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோக வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

ஊறுகாய் கொண்டுபோங்கள், அது எங்கே போனாலும் வேண்டும். மற்றபடி பட்டினி கிடக்கமாட்டீர்கள். அந்த நாட்டுப் பெருமைக்குரிய உணவு முயல் குழம்பு, அதைக் கண்டுகொள்ளாதீர்கள். தெருவுக்குத் தெரு பஸ்டிட்ஸி விற்பார்கள், அடுக்கடுக்காக உதிரும் மாவு, நம் பப்ஸின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் லேசாக வாய் திறந்து இரண்டு முனையும் கூம்பியிருந்தால் உள்ளே ரிக்கோட்டா என்கிற பாலாடைக்கட்டி, ஒரு பக்கமாக மூடியிருந்தால் மசித்த பட்டாணி. அடுப்பிலிருந்து வந்த சூட்டில் சாப்பிட வேண்டும், ஆறினால் எண்ணெய்தான் தெரியும். மாவில் பன்றிக்கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் உண்டு, அதனால் கடையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள், எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும்.

பிகில்லா என்றொரு துவையல், அவரை இனத்துப் பருப்பைப் பூண்டோடு மசித்தது, நம் நாக்குக்கு உடனே பிடிக்கும். தக்காளியைத் தேய்த்து எண்ணெய் விட்ட ரொட்டி நல்லது, ஆனால் சூரை மீனை அவர்களாகவே உள்ளே வைப்பார்கள், வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இனிப்புக்கு இம்ஆரெத், பேரீச்சம்பழப் பூரணம் வைத்துப் பொரித்தது, நம் சோமாஸுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கின்னி என்று ஒரு குளிர்பானம் நீட்டுவார்கள், கசப்பு ஆரஞ்சும் மூலிகையும் போட்டது. எனக்கு இருமல் மருந்து ஞாபகம் வந்தது, என் தங்கை மூன்று பாட்டில் குடித்தாள்.

*

அப்பாவுக்குக் கோயில் என்றால் உயிர். மால்டாவில் தேவாலயம் தவிர வேறு ஏதாவது?
– வாசகர், காஞ்சிபுரம்

எகிப்துப் பிரமிடுகளுக்கு முந்தைய கோயில்கள் இருக்கின்றன. கோசோவில் ஜிகந்தீயா, 5500 வருஷத்துக்கு மேற்பட்டது. ஒரு பூதப்பெண் கல்லைத் தூக்கி வந்து கட்டினாள் என்று ஊரில் கதை. தெற்குக் கரையில் ஹஜர் இம், அதற்குக் கொஞ்சம் கீழே இம்நைத்ரா. இரவும் பகலும் சமமாக வரும் மார்ச், செப்டம்பர் நாட்களில் சூரியன் உதிக்கும்போது முதல் வெளிச்சம் இம்நைத்ராவின் வாசலுக்குள் நேராகப் போய் விழும். உங்கள் கல்யாணம் செப்டம்பர் 20, 22 தேதியை ஒட்டி என்றால் அப்பாவுக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.

பூமிக்கு அடியில் குடைந்த ஹிப்போஜியமும் உண்டு, 1902இல் வீடு கட்டுகிறவர்கள் தண்ணீர்த் தொட்டிக்குத் தோண்டும்போது அகப்பட்டது. சுமார் 7000 பேரின் எலும்புகள் அங்கே இருந்ததாகக் கணக்கு. நம் மூச்சுக்காற்றே சுவரைக் கெடுக்கும் என்பதால் ஒரு வேளைக்குப் பத்துப் பேரைத்தான் விடுகிறார்கள், 6 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. விமான டிக்கெட் போடும் அன்றே இதற்கும் போட்டுவிடுங்கள். கிடைக்காவிட்டால் வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹிப்போஜியத்தில் கிடைத்த தூங்கும் பெண்ணின் சுடுமண் சிலை அங்கே இருக்கிறது, உள்ளங்கை நீளம்தான், ஒரு கையைத் தலைக்கு வைத்து ஒருக்களித்து அப்படி ஒரு தூக்கம்.

*

போன வருஷம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். காலை 8 மணிக்கே குண்டு வெடிக்கிற மாதிரி சத்தம். இந்த முறையும் இருக்குமா?
– வாசகி, திருச்சி

இருக்கும். ஊர்த் திருவிழா, கோடை முழுக்க ஏதாவது ஒரு ஊரில் நடந்துகொண்டே இருக்கும், வெடி போட்டால்தான் புனிதருக்குத் திருப்தி. எழுந்துதான் விட்டீர்களே, ராத்திரி அந்த ஊருக்கே போய்விடுங்கள், பேண்டு வாத்தியம், தெருவெல்லாம் தோரணம், வாணவேடிக்கை, டிக்கெட் கிடையாது.

*

விசா, பிளக், பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், சென்னை

பணம் யூரோ. விசா ஷெங்கன், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ, பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், பத்திரிகையையும் சேர்த்து வையுங்கள். லண்டனில் வேலை பார்க்கும் உங்கள் மச்சான் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்தால் அவருக்கும் ஷெங்கன் விசா வேண்டும், பிரிட்டன் விசா அங்கே செல்லாது. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிளக் பிரிட்டன் மாதிரி, மூன்று தட்டை முள், நம் உருண்டை முள் போகாது. அடாப்டர் இரண்டாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்றைக் கல்யாண வீட்டில் யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள், திரும்பி வராது.