காருக்குத் திடீரெண்டு மிஸ் அடிக்குதோ? கேளுங்கோ, சொல்லுறன்

கிளிநொச்சியில கராஜ் வைச்சிருக்கிறவனிட்ட லான்ட்மாஸ்டரும் உழவு மெசினும்தான் வரும் எண்டு நினைப்பியள். பெரும்பாலும் அதுதான். ஆனா ஆடி, ஆவணியில வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கினா, ஏ9 றோட்டால ரெண்டு கதவுக் காருகளும் வந்து என்ர வாசல்ல நிக்கும். எல்லாருக்கும் ஒரே கதை: "நல்லா ஓடினது அண்ணை, திடீரெண்டு குலுக்குது." இஞ்சினுக்குள்ள பெற்றோல் இடைக்கிடை எரியாம விடுறதைத்தான் மிஸ் எண்டு சொல்லுறது. இந்தமுறை வந்த கேள்வியளுக்கு ஒண்டொண்டா மறுமொழி சொல்லுறன்.

மாங்குளம்: அண்ணை, என்னட்ட 2004 மஸ்டா ஆர்எக்ஸ்-8. நேற்று ஓடிக்கொண்டு வரேக்க இழுவை விழுந்து, இஞ்சின் குலுக்கத் தொடங்கீட்டுது. செக் இஞ்சின் லைட் மின்னி மின்னி நிக்குது. கொயில் நாலையும் வாங்கவோ?

தம்பி, முதல்ல அந்த லைட்டைக் கவனியும். பேசாம எரிஞ்சுகொண்டு நிண்டா மெதுவா வீடு போய்ச் சேரலாம். மின்னினா ஓடக் கூடாது. எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தமாக்கிற கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள்ள எரியுது எண்டு அர்த்தம். அது உருகி அடைச்சால், சின்னச் செலவு பெரிய செலவாப் போகும். இந்த வெயிலுக்குக் காய்ஞ்ச புல்லுக்கு மேல நிப்பாட்டியும் போடாதையும். அடியில கிடக்கிறது அடுப்பு.

இனி உம்மட கேள்வி. ஆர்எக்ஸ்-8 இல மேல கீழ ஓடுற பிஸ்ரன் இல்லை, சுழலுற முக்கோண ரோட்டர் ரெண்டு. ஒவ்வொண்டுக்கும் ரெண்டு பிளக், ஆக நாலு பிளக், பிளக்குக்கு நெருப்புக் குடுக்கிற நாலு கொயில். ஒரு கொயில் செத்தாலும் பக்கத்துப் பிளக் தாங்கிக்கொண்டு போகும். அதால கார் நிக்காது, இழுவை மட்டும் விழும். காரின்ர பழுது இலக்கத்தை வாசிக்கிற ஸ்கானரில பி0301 வந்தா முன் ரோட்டர், பி0302 வந்தா பின் ரோட்டர். அந்த ரோட்டரின்ர கீழ்ப் பிளக்குக்குப் போற கொயிலை மற்ற ரோட்டரின்ர கீழ்ப் பிளக்குக்கு மாத்திப் பாரும். பிறகு மேல் பிளக்குகளின்ரயையும் அப்பிடியே. இலக்கம் கொயிலோட சேந்து இடம் மாறினா கள்ளன் பிடிபட்டான். மாறேல்லையெண்டா பிளக், வயர், பெற்றோல் பீச்சிற இஞ்செக்ரர் எண்டு தேடும்.

ஒரு கொயில் பழுதெண்டு உறுதியானா, இந்தக் காருக்கு மட்டும் நாலையும் மாத்தச் சொல்லுவன். இந்தக் காரின்ர கொயில் அவியிறது ஊரறிஞ்ச வருத்தம், நாலும் ஒரே வயசு. பிளக் கழட்டினா மேல் பிளக்கையும் கீழ்ப் பிளக்கையும் மாறிப் பூட்டாதையும், சூட்டு அளவு வேற வேற.

அதே தம்பி: அண்ணை, நீங்கள் சொன்னபடி ஓடாம விட்டன். நிழலுக்கு மட்டும் ஒருக்கா எடுத்து மாத்தி விட்டன். இப்ப ஸ்ராட்டே ஆகுதில்லை!

சொல்ல மறந்தது என்ர பிழை. ரோட்டரி இஞ்சினை ஆறிக் கிடக்கேக்க ஸ்ராட் பண்ணி, பத்தடி நகர்த்தி, உடன நிப்பாட்டினா பிளக் பெற்றோலில நனைஞ்சிடும். ஆக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சுக்கொண்டு பத்து செக்கன் அளவில ஸ்ராட்டரைச் சுத்தும். அப்ப பெற்றோல் வராது, காத்து மட்டும் போய்க் காயும். பற்றரி ஆறட்டும், திரும்பச் செய்யும். அதுக்கும் வராட்டிப் பிளக்கைக் கழட்டிக் காயவைக்கவேண்டியதுதான். இனிமேல் எடுத்தா சூடேறும் மட்டும் ஓடவிட்டு நிப்பாட்டும்.

வவுனியா: ஐயா, நான் ஆசிரியர். 90களில் வந்த ஹொண்டா சிவிக், விரெக் இஞ்சின். வவுனியாவிலிருந்து முறிகண்டி வரை பஞ்சு மாதிரி வந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினால் மிஸ் அடித்து நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் ஓடியது.

மாஸ்டர், உங்கட கேள்விக்குள்ளயே பதில் கிடக்கு. சூட்டில சாகுது, ஆறினா உயிர் வருது. உந்த வயசு ஹொண்டாவில, நெருப்பைப் பிளக்குகளுக்குப் பங்கிடுற டிஸ்ரிபியூட்டருக்குள்ள கொயிலும் அதை இயக்கிற இக்னிசன் மொடியூலும் இருக்கு. ஓடேக்க காத்துப் பட்டுச் சமாளிக்கும். நிப்பாட்டினோடன இஞ்சின்ர சூடு முழுக்க அதுக்குள்ள ஏறும். அடுத்தமுறை நிக்கேக்க டிஸ்ரிபியூட்டருக்கு மேல ஈரத் துணியைப் பிழிஞ்சு போட்டு ஆறவிடுங்கோ. வழமையிலும் வேளைக்கு ஸ்ராட் ஆனா அநேகமா மொடியூல்தான். டிஸ்ரிபியூட்டர் மூடியையும் திறந்து பாருங்கோ. உள்ளுக்குக் கறுப்புக் கோடு ஓடியிருந்தா நெருப்பு அந்த வழியால கசியுது.

லண்டன், சொந்த ஊர் முள்ளியவளை: அண்ணா, இங்க என்னட்ட பழைய போர்ஷே பொக்ஸ்ரர். மழை நாளில் மட்டும் மிஸ் அடிக்குது. கராஜில் கொண்டு போனால் வெயில், ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

அந்தக் காரின்ர ஆறு சிலிண்டரும் பக்கத்துக்கு மூண்டாப் படுத்துக் கிடக்கு. கொயில் பதிவா, சில்லு அடிக்கிற தண்ணி படுற இடத்தில இருக்கு. வருசக்கணக்கில சூடும் குளிரும் பட்டு மேற்தோல் வெடிக்கும். ஈரம் பூந்தா நெருப்பு பிளக்குக்குப் போகாம இஞ்சின் உடம்புக்குப் பாயும். கழட்டி மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு இருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ. வெயில் நாளில காட்டிப் பிரயோசனமில்லை.

புதுக்குடியிருப்பு: சுபாரு டபிள்யூஆர்எக்ஸ். ஐட்லிங் அருமை, மெதுவா ஓடினாலும் அருமை. டேர்போ எழும்பி இழுக்கேக்க மட்டும் தட்டித் தட்டி வெட்டுது. 92 ஒக்ரேன் பெற்றோல் அடிச்சதாலயோ?

92 அடிச்சா இஞ்சின் 'கிளிங் கிளிங்' எண்டு தட்டும், கொம்பியூட்டர் ரைமிங்கை, அதாவது நெருப்பு அடிக்கிற நேரத்தைப் பின்னுக்கு இழுக்கும், இழுவை குறையும். அது வேற வருத்தம். ஆனாலும் உந்தக் காருக்கு 95 தான் அடிக்கவேணும், அதில கஞ்சத்தனம் பாக்காதேங்கோ.

நீங்கள் சொல்லுற வெட்டு, நெருப்பு அணையிற வெட்டு. டேர்போ காத்தை அமத்த அமத்த, பிளக் இடைவெளியைத் தாண்ட நெருப்புக்குக் கூட வலு வேணும். தேய்ஞ்ச பிளக்கில இடைவெளி அகண்டிருக்கும், கொயிலும் கிழடெண்டா சுமையில தாண்டாது. பிளக்கைக் கழட்டி இடைவெளியை அளந்து பாருங்கோ. பக்கவாட்டில நெருக்கமான இடம், கையில தோல் போகும். இரிடியம் பிளக்கெண்டா நடுக்கம்பியை நெம்பாதேங்கோ, முறிஞ்சிடும். இவ்வளவு வேகம் எங்க ஓடுறியள் எண்டு நான் கேக்கேல்லை. எங்கட றோட்டில எழுபதுதான் சட்டம்.

ஒட்டுசுட்டான்: மஸ்டா ரோட்ஸ்ரரை மூண்டு கிழமை கொட்டிலுக்குள்ள விட்டிருந்தன். எடுத்தா ஒரு சிலிண்டர் வேலை செய்யுதில்லை.

கொட்டிலில நெல்லு மூட்டையும் இருக்கோ? அப்ப எலியைத் தேடுங்கோ. கொயில், இஞ்செக்ரர் வயர் வழிய பல்லுத் தடம் இருக்கும். பழைய பெற்றோலும் கானில ஊத்தின பெற்றோலும் ரெண்டாவது சந்தேகம். அதில தண்ணி கலந்திருந்தா பெற்றோலுக்குக் கீழ போய்ப் படுக்கும், பம்ப் அடியிலதான் உறிஞ்சும்.

நெடுங்கேணி: எங்கட பக்கம் ஸ்கானர் ஆரிட்டையும் இல்லை. கையால கண்டுபிடிக்க ஏலாதோ?

ஏலும். ஸ்கானர் வாறதுக்கு முதலும் நாங்கள் இஞ்சின் திருத்தினனாங்கள்தானே. பொருளாதாரத் தடைக் காலத்தில வன்னியில பெற்றோல் மருந்து மாதிரி. பழைய ஒஸ்ரின் ஏ40 காருக்கு நாலு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துறது. சூடு காணாட்டி வெள்ளைப் புகை தள்ளி மிஸ் அடிக்கும். எத்தினை சிலிண்டர் வேலை செய்யுது எண்டு றோட்டில போற சின்னப் பெடியளே சொல்லுவாங்கள். என்ர காது அங்க பழகினது.

உங்கட காரை ஐட்லிங்கில விட்டு, இஞ்செக்ரர் வயர்ப் பிளக்கை ஒவ்வொண்டாக் கழட்டிக் கொழுவுங்கோ. கழட்டினோடன இஞ்சின் இன்னும் மோசமாக் குலுக்கினா அந்தச் சிலிண்டர் நல்லது. எதைக் கழட்டியும் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் செத்தது. ஓடுற இஞ்சினில கொயிலையே இழுத்துக் கழட்டிற பழைய பழக்கத்தை விடுங்கோ, அடிச்சா ஆளைத் தூக்கி எறியும்.

பிறகு அந்தச் சிலிண்டரின்ர பிளக்கை மற்றதுகளுக்குப் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. பெற்றோல் மணத்தோட ஈரமெண்டா நெருப்பு வரேல்லை. காய்ஞ்சு வெளிறியிருந்தா பெற்றோல் காணாது. பிசுபிசுத்த கறுப்பெண்டா ஒயில் ஏறுது. மற்றதெல்லாம் மண்ணிறமா இருக்க அது மட்டும் கழுவி வைச்ச மாதிரி வெள்ளையா இருந்து, ரேடியேற்றர் தண்ணியும் குறையுதெண்டா, மனசைத் தேற்றிக்கொண்டு கொம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள இருக்கிற அமத்தம், அளந்து பாருங்கோ.

ஐட்லிங்கில மட்டும் குலுக்கி, ரேஸ் பண்ணச் சரியானா எங்கையோ காத்து இழுக்குது. ரப்பர்க் குழாயளைக் கையால நெரிச்சு நெரிச்சுப் பாருங்கோ.

பரந்தன்: அண்ணை, நாலு சிலிண்டர் செலிக்கா. மூண்டாவது சிலிண்டர் மிஸ். பிளக், கொயில், இஞ்செக்ரர் எல்லாம் புதுசு. காசுதான் போச்சுது. இனி என்னத்தை வாங்க?

ஒண்டும் வாங்காதேங்கோ. நெருப்பும் பெற்றோலும் சரியெண்டா மிச்சம் அமத்தம். இதை முதல் நாளே பாத்திருக்கலாம், கொம்பிரஷன் கேஜ் இரவலுக்கே கிடைக்கும். இஞ்சின் சூடா இருக்கவேணும். பிளக் நாலும் வெளியில, கொயில், இஞ்செக்ரர் வயர் கழட்டி, ஆக்சிலேற்றரை முழுக்க மிதிச்சுக்கொண்டு ஸ்ராட்டரைச் சுத்தி, நாலையும் அளவுங்கோ. மூண்டாவது மட்டும் குறைவெண்டா அதுக்குள்ள ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளவுங்கோ. ஏறினா பிஸ்ரன் ரிங், ஏறாட்டி வால்வு. மூண்டாவதும் பக்கத்தில நாலாவதும் சேந்து விழுந்திருந்தா நடுவில ஹெட் கஸ்கட் போயிருக்கு.

நாலு அளவையும், ஒயில் விட்டாப் பிறகு வந்ததையும் எழுதி அனுப்புங்கோ. பாத்திட்டுச் சொல்லுறன்.