முதல் செயற்கைக் காலுக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: சர்க்கரை நோயால் அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. செயற்கைக் கால் விற்கும் இடத்தில் கார்பன் ஃபைபர் பாதம்தான் நல்லது என்கிறார்கள். இந்த மாதமே வாங்கினால் தள்ளுபடியாம். நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். முதல் சில மாதங்களில் மிச்சக் காலில் வீக்கம் வடிந்து, தசையும் மெலிந்து, அளவு குறைந்துகொண்டே வரும். இன்று கச்சிதமாக இருக்கும் சாக்கெட், அதாவது காலை நுழைக்கும் கூடு, போகப் போகத் தொளதொளத்துவிடும். கொஞ்ச நாள் கூடுதல் சாக்ஸ் போட்டுச் சமாளிக்கலாம். அப்புறம் சாக்கெட்டையே மாற்ற வேண்டிவரும். முதல் கால் எளிமையானதாகவே இருக்கட்டும்.

வலியில்லாமல் நடக்க முக்கியம் சாக்கெட்தான், பாதம் அதற்கு அப்புறம். கார்பன் பாதத்தின் துள்ளல் வேகமாக நடப்பவருக்குத்தான் பயன்படும். உங்கள் அப்பா வீட்டுக்குள்ளும் தெருமுனை வரையிலும்தான் நடப்பார் என்றால் ரப்பர் பாதமே போதும். செருப்பில்லாமல் கோயிலுக்குப் போகிறவரா? ஷூ உயரத்துக்குச் சரிசெய்த பாதத்தோடு வெறுங்காலில் நின்றால் உடம்பு பின்னால் சாயும். வெறுங்காலில் நடக்கவென்றே ராமச்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது ஜெய்ப்பூர் கால். ஜெய்ப்பூரில் 1975இல் தொடங்கிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி என்ற தொண்டு நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது.

சாக்கெட்டை எத்தனை முறை இலவசமாகச் சரிசெய்வார்கள், புது சாக்கெட்டுக்கு எவ்வளவு, மிச்சக் காலுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே உறைபோல மாட்டுகிற, தேய்ந்துபோகும் சிலிகான் லைனருக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். அளவெடுப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் மழுப்புகிற இடத்தில் தள்ளுபடி கிடைத்து என்ன பயன்?

மாட்டி நடக்கவிட்ட பிறகு கழற்றித் தோலைப் பாருங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் மறையாத சிவப்பு இருந்தால் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். சர்க்கரைக்காரர் ‘வலிக்கலையே’ என்பதை நம்பாதீர்கள், அவருக்கு உணர்ச்சியே குறைந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் இருந்தால் முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது.

கால் வரும்வரை மருத்துவர் சொன்னபடி எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டுங்கள். முழங்காலுக்கு அடியில் தலையணை மட்டும் வேண்டாம். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிட்டால் எந்தக் காலையும் மாட்டி நடப்பது கஷ்டம்.