கார் கதவு, ஜன்னல் ரப்பருக்கு வாஸ்லினா, தேங்காய் எண்ணெயா, சிலிகானா?

கேள்வியை இப்படிப் புரிந்துகொள்கிறேன். டெல்லியில் திறந்தவெளியில் நிற்கும், ஆறேழு ஆண்டு ஓடிய கார். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வெளுத்திருக்கிறது; வெயில் நேரத்தில் கதவைத் திறந்தால் ஒட்டிக்கொண்டு பிரிகிறது; மேடு பள்ளத்தில் கீச்சிடுகிறது; பின் ஜன்னல் கண்ணாடி திணறித் திணறி ஏறுகிறது. வாஸ்லின், தேங்காய் எண்ணெய், டபிள்யூடி-40 என்ற துரு இளக்கும் ஸ்ப்ரே, சிலிகான் ஆகியவற்றில் எதைத் தடவலாம்?

சிலிகான்தான், ஆனால் அதற்கு முன்னால் சோப்புத் தண்ணீர். மயூர் விஹாரில் நிழலே விழாத பார்க்கிங்கில் காரை நிறுத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ரப்பர் கெட்டுவிட்டது என்று இங்கே நாம் நினைப்பதில் பெரும்பகுதி, ஏப்ரல் முதல் ஜூன் வரை வீசும் புழுதியும், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பூசி அனுப்பப்படும் பாலிஷும் சேர்ந்து ஏறிய அழுக்குதான். அதன் மேலேயே எதையாவது தடவினால் இரண்டு நாள் கறுப்பாகப் பளபளக்கும். மூன்றாம் நாள் அடுத்த அடுக்குப் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும்.

மெக்கானிக்குகள் ‘பீடிங்’ என்று சொல்லும் இந்தக் கதவு ரப்பர், இன்றைய கார்களில் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனது. கதவுச் சட்டத்தின் தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான பகுதியும், அதன் மேல் உள்ளே காற்றறைகளோடு மெத்தென்று இருக்கும் குழல் பகுதியும் கொண்டது. கதவு மூடும்போது அமுங்கித் தண்ணீரையும் காற்றையும் தடுப்பது இந்தக் குழல்தான். இயற்கை ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி வெடிப்பு உண்டாக்கும். ஈபிடிஎம்மின் முதன்மைச் சங்கிலியில் அத்தகைய பிணைப்புகள் இல்லாததாலும், அதில் கலந்திருக்கும் கார்பன் கறுப்பு புற ஊதாக் கதிர்களைத் தாங்கிக்கொள்வதாலும், டெல்லிக் கோடையைக்கூட அது பல ஆண்டுகள் சமாளிக்கும். அதற்குத் தாங்காதவை இரண்டு. ஒன்று, சூட்டில் ஆண்டுக்கணக்காக அமுங்கியே இருந்து, திரும்ப எழும்பாமல் தட்டையாகிப்போவது. மற்றொன்று, பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்கள்.

வாஸ்லின் வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த இரண்டாவதுதான் காரணம். வாஸ்லின், கிரீஸ், என்ஜின் ஆயில், மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 எல்லாமே பெட்ரோலிய வழி வந்தவை. ஈபிடிஎம் இவற்றை உறிஞ்சி உப்பிவிடும். பல வண்டிகளில் பிரேக் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப்புகளும் இதே வகைதான்; வேலை தெரிந்த மெக்கானிக் அவற்றைப் பெட்ரோலில் கழுவமாட்டார், பிரேக் ஆயிலில்தான் கழுவுவார். எங்கள் குடியிருப்பில் ஒருவர் கீச்சொலியை நிறுத்தக் கதவு ரப்பர் முழுவதும் வீல் பேரிங் கிரீஸைப் பூசினார். சத்தமும் உடனே நின்றது. கோடை கழிந்தபின் பார்த்தபோது, கதவின் மேல் மூலையில் ரப்பர் நீண்டு, தகட்டு விளிம்பில் அடங்காமல் அலையலையாகத் துருத்திக்கொண்டிருந்தது. விரலால் அமுக்கினால் குழல் கொழகொழத்தது. இறங்கும்போது அவருடைய சட்டைக் கையில் தினமும் கறுப்புக் கோடு. வாஸ்லினை ஒருமுறை தடவியதால் இந்த நிலை வந்துவிடாது. ஆனால் மாதாமாதம் தடவும் பழக்கம் அந்தத் திசையில்தான் போகும். டபிள்யூடி-40 பெயரிலேயே சிலிகான் ஸ்ப்ரேயும் தனியாக விற்கிறார்கள். அதற்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது தேங்காய் எண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும் என்பது டெல்லியில் ஒரு குளிர்காலத்தைக் கழித்த எந்தத் தமிழருக்கும் குளியலறை அலமாரியிலேயே தெரிந்திருக்கும். அது கதவு இடுக்கில் உறைந்து, மார்ச்சில் இளகி, முதல் புழுதிக்காற்றிலேயே சேறாகிவிடும். தலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். காலை வேளையில், வண்டி சூடேறுவதற்கு முன், நான்கு கதவுகளையும் திறந்து, கார் ஷாம்பூ கலந்த தண்ணீரில் நனைத்த மைக்ரோஃபைபர் துணியால் ரப்பரையும், அது போய் உட்காரும் எதிர்ப்பக்கத் தகட்டையும் துடையுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த எதிர்ப்பக்கத்தைத்தான். ரப்பரின் மடிப்பை விரலால் விலக்கி, பழைய டூத்பிரஷ்ஷால் உள்ளே தேய்த்தால் காப்பிப் பொடி நிறத்தில் மண் வரும். துணி கறுப்பாகாமல் வரும்வரை இதைத் தொடர வேண்டும். தின்னர், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். கதவின் அடிவிளிம்பில் இருக்கும் சிறிய வடிகால் துளைகளையும் ஒரு பல்குச்சியால் குத்திப் பாருங்கள். ஜன்னலின் வெளி ரப்பரைத் தாண்டி மழைநீர் கதவுக்குள் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அது வெளியேறும் வழி அந்தத் துளைகள்தான். அவை அடைத்துக்கொண்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

நன்றாக உலர்ந்தபின் சிலிகான். ஸ்ப்ரேயாக இருந்தால் நேரே ரப்பரில் அடிக்காமல் துணியில் அடித்துத் தடவுங்கள். காற்றில் பறக்கும் சிலிகான் முன் கண்ணாடியில் படிந்தால் மழையில் வைப்பர் ஓடும்போது மங்கலாகப் பூசிக்கொண்டு தெரியும். பெயிண்டில் படிந்தால், பின்னால் டிங்கரிங் செய்து பெயிண்ட் அடிக்கும்போது வட்ட வட்டமாகக் குழி விழும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்க வேண்டாம். எனக்கு வசதியாகத் தோன்றுவது கலப்பில்லாத சிலிகான் எண்ணெய். டிரெட்மில் பெல்ட்டுக்கு ஊற்றவென்று சிறிய பாட்டிலில் விற்பதும் பெரும்பாலும் இதுதான், லேபிளில் முழுக்கச் சிலிகான் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். ஒரு கதவுக்குச் சில சொட்டுகள், பத்து நிமிடம் ஊறல், பிறகு காய்ந்த துணியால் துடைப்பு. தொட்டால் விரல் வழுக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. இது ரப்பருக்குள் புகுந்து அதைப் புதிதாக்கிவிடாது; மேலே மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கும், தண்ணீரை விலக்கும், அவ்வளவே. கோடைக்கு முன் மார்ச்சில் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் அக்டோபரில் ஒருமுறை செய்தால் தாராளம். பனி கொட்டும் நாடுகளில் கதவு உறைந்து ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டிசம்பரிலும் தடவச் சொல்வார்கள். நம் ஊர் ஜனவரிக்கு அது தேவையில்லை.

திணறும் கண்ணாடியின் கதை வேறு. கண்ணாடி ஏறி இறங்கும் ‘ரன் சேனல்’ ரப்பரின் உள்பக்கம் வெல்வெட் போன்ற நுண்ணிழைகள் ஒட்டப்பட்டிருக்கும். அதில் புகுந்த மணல் உப்புத்தாள் வேலையைச் செய்து, கண்ணாடியில் செங்குத்தான கீறல்களைப் போடும். அங்கே கிரீஸோ கெட்டியான எண்ணெயோ விட்டால் மணல் நிரந்தரமாகக் குடியேறிவிடும். கண்ணாடியை முழுவதும் இறக்கி, பிளாஸ்டிக் ஸ்கேலில் ஈரத்துணியை ஒரு சுற்றுச் சுற்றி, சேனலுக்குள் மேலிருந்து கீழாக இழுங்கள். துணியை மாற்றி மாற்றிச் செய்து, காயவிட்டபின், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் உலரும் சிலிகான் ஸ்ப்ரேயை மெல்லிய குழாய் வழியாகத் துளி அடித்து, கண்ணாடியைப் பலமுறை ஏற்றி இறக்கி, படிந்ததைத் துடைத்துவிடுங்கள். அதன் பிறகும் திணறினால் மோட்டாரையோ, கதவுக்குள் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் ரெகுலேட்டரையோ பார்க்க வேண்டும்.

ரப்பர் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரு பத்து ரூபாய் நோட்டு போதும். அதை இடுக்கில் வைத்துக் கதவை மூடி, மெதுவாக இழுங்கள். சுற்றிலும் பல இடங்களில் இதைச் செய்து, எங்கே நோட்டு தடையின்றி வழுக்கி வருகிறதோ அங்கே ரப்பர் தட்டையாகிவிட்டது அல்லது கதவின் பொருத்தம் விலகியிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே ஓரம் முழுவதும் தளர்வாக இருந்தால், ரப்பரை மாற்றுவதற்கு முன் கதவு பூட்டும் கொக்கியைச் சற்று உள்ளே தள்ளிப் பொருத்தச் சொல்லுங்கள், அது சில நிமிட வேலை. ரப்பர் கிழிந்திருந்தாலோ, அமுக்கிவிட்டால் எழும்பாமல் பள்ளமாகவே நின்றாலோ எந்தத் திரவமும் உதவாது. காஷ்மீரி கேட் உதிரிபாகக் கடைகளில் உங்கள் மாடலுக்கான அசல் பீடிங்கைக் கேளுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பது மலிவு. ஆனால் குழலின் உயரமும், கவ்வும் பகுதியின் அகலமும் பழையதோடு பொருந்தாவிட்டால் கதவை அறைந்து சாத்த வேண்டியிருக்கும். பழையதில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். பொருத்தும்போது இரண்டு முனைகளும் சேரும் இடம் கதவின் மேல் பக்கம் வராமல், அடியில் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.