சீசன் கடைக்குப் பையனை அனுப்பலாமா?

கேள்வி: மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். சிவனொளிபாதமலை சீசனுக்கு என் தம்பி மலையடிவாரத்து நல்லதண்ணியில் குல்லா, கையுறை, பிளேன்டீ கடை போடுவான். என் பெரியவனுக்கு 17 வயது, படிப்பை விட்டுவிட்டான். சின்னவனுக்கு 14, தரம் 9 படிக்கிறான். டிசம்பர் லீவு முழுக்கவும், பிறகு சனி ஞாயிறுகளிலும் இரண்டு பேரையும் அனுப்பச் சொல்லி 15,000 ரூபாய் முன்பணமும் கொடுத்துவிட்டான். சொந்தத் தாய்மாமன் கடைதானே, இதில் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: வரும் சகோதரி. சின்னவனை அனுப்பவே வேண்டாம். பெரியவன் விஷயம் வேறு.

பெண்கள், இளம் ஆட்கள், பிள்ளைகளை வேலைக்கமர்த்தல் பற்றிய 1956ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சட்டத்தில் முன்பு வயதெல்லை 14. உங்கள் தம்பி அந்தக் கணக்கை மனதில் வைத்திருக்கலாம். 2021இல் சட்டத்தைத் திருத்தி 16 ஆக்கிவிட்டார்கள். கட்டாயக் கல்வி வயதும் 2016இலிருந்து 5 முதல் 16 வரை. ஆகவே 14 வயதுப் பையன் கடையில் நின்றால் லீவு நாள் என்றோ, சும்மா ஒத்தாசைக்கு வந்தான், சம்பளம் இல்லை என்றோ சொல்லித் தப்ப முடியாது. லாபத்துக்கு நடக்கும் வியாபாரத்தில் கைகொடுத்தாலே அது வேலைதான். கடைக்காரர் தாய்மாமன் என்பதற்காக வயது கூடிவிடாது. பள்ளியில் சேர்த்தபோது சொன்ன வயதை நம்பி இருக்காதீர்கள், பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதிதான் கணக்கு. தோட்டத்தில் பல பிள்ளைகளுக்கு இரண்டும் ஒத்துவராது.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நல்லதண்ணியில் வேலை எப்படி என்று பாருங்கள். டிசம்பர் பௌர்ணமியான உண்டுவப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரை சீசன். சூரிய உதயம் பார்க்கிற கூட்டம் நடுச்சாமத்துக்குப் பிறகு மலையேறத் தொடங்கும். குல்லாவும் கையுறையும் விலைபோவது அந்தக் குளிர் நேரத்தில்தான். ஆக, பகலில் மட்டும் நிற்பான் என்று தம்பி சொன்னால், அந்தப் பேச்சு முதல் வாரத்தோடு சரி. இரவு முழுக்க விழித்த பையன் ஞாயிறு பின்னேரம் வீடு வந்து படுத்தால் திங்கட்கிழமை பாடசாலைக்கு எழும்ப மாட்டான். முதலில் திங்கள் போகும், பிறகு செவ்வாயும் சேரும். சின்னப் பிள்ளை கேட்டால் வாங்குவார்கள் என்று தட்டைக் கையில் கொடுத்துப் பஸ்ஸுக்குப் பஸ் அனுப்புவது இன்னும் மோசம். அது கையேந்தலாக மாறினால் தண்டனைச் சட்டக்கோவையின் 288ஆம் பிரிவு, அதாவது பிள்ளையைப் பிச்சையெடுக்க வைத்த குற்றம், வந்து சேரும்.

பெரியவனுக்கு 16 தாண்டிவிட்டதால் வேலைக்குப் போகலாம். ஆனால் 18 வரை ஆபத்தான தொழில் எதிலும் அவனைச் சேர்க்கக் கூடாது. மூட்டை தூக்கி மலை ஏற்றும் வேலை வேண்டவே வேண்டாம். கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரைப் பொதுவாக மாலை 6 முதல் காலை 6 வரை கடை வேலையில் வைக்க முடியாது. சீசன் கடையில் இந்த நேரத்தைக் கழித்தால் மிஞ்சுவது சரக்கு அடுக்கவும் கடை கூட்டவும் மட்டும்தான். தம்பி அதற்கு ஒத்துக்கொண்டால், பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைக் கடையில் வைக்கச் சொல்லுங்கள். வேலை நேரத்தையும் கொடுத்த காசையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதட்டும். படிப்பை விட்ட பையனுக்கு இதைவிட நல்ல வழி தொழிற்பயிற்சி அதிகாரசபையின் என்.வி.க்யூ. (தேசிய தொழில் தகைமை) பாடநெறி ஒன்று என்பது என் கருத்து. பிரதேச செயலகத்தில் விசாரித்துப் பாருங்கள்.

முன்பணத்தை முதலில் திருப்பிக் கொடுங்கள். முழுசாக இல்லாவிட்டால் தவணை பேசி, கொடுக்கும்போதெல்லாம் எழுதி வாங்குங்கள். பிள்ளை வேலை செய்து கழிப்பான் என்ற பேச்சு வேண்டாம். கடனுக்காக ஆளை வேலையில் கட்டிப்போடுவதைத் தண்டனைச் சட்டக்கோவையின் 358ஏ பிரிவு குற்றமாக்குகிறது. தம்பி அப்படி நினைத்திருக்க மாட்டார், ஆனால் காசு நிற்கும்வரை உங்களால் 'அனுப்ப மாட்டேன்' என்று அழுத்திச் சொல்ல முடியாது.

யாராவது 1929க்கு அழைத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்குத் தகவல் போகும். பொலிஸ், தொழில் உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் என்று விசாரணை வரும், நீதவான் முன்னும் போக நேரலாம். கடை வைத்தவர்தான் முதலில் மாட்டுவார், பெற்றோரையும் கேட்பார்கள்.

பணமுடைதான் காரணம் என்றால், அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப்பணம் கிடைக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். பெயர் இல்லாவிட்டால் மேன்முறையீடு எப்போது ஏற்கிறார்கள் என்று கேட்டு, குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்துப் பேர் விழுகிறது, யார் நோயாளி என்பதை எழுதிக்கொண்டு போங்கள். சின்னவன் பாடசாலையை விட்டு நழுவுகிறான் என்று தெரிந்தால் பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரை இப்போதே பாருங்கள். வழக்கு வந்த பிறகு பார்ப்பதை விட, உதவி கேட்டுப் போகும்போது அவரிடம் பேசுவது எளிது.