‘இவர் எந்த நிலை?’ என்று கேட்பதற்கு முன்

கேள்வி: பழைய குடியிருப்பு ஒன்றைப் புதுப்பிக்கும் திட்டத்தில் பயிற்சிப் பொறுப்பு என்னுடையது. அங்கே குடியிருப்பவர்களில் முப்பது பேரை, பிற்பாடு பராமரிப்புக் குழுவை அவர்களே நடத்தும் அளவுக்குத் தயார் செய்ய வேண்டும். வினாத்தாள் கொடுத்து, மனவளர்ச்சியில் ஒவ்வொருவரும் எந்த நிலையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்து, நிலைவாரியாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார் ஆலோசகர். மனிதத் தேவைகளை அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் முக்கோணம், வண்ணம் வண்ணமாகப் பிரித்த நிலைகள் என்று பல மாதிரிகளைக் காட்டினார். எதைப் பயன்படுத்துவது? அவரவர் நிலையை அவரவரிடம் சொல்லலாமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொல்ல வேண்டாம். மறைத்து வையுங்கள் என்று சொல்லவில்லை, அப்படி ஒரு பட்டியலே போடாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வந்த புதிதில், வருகைப் பதிவேட்டில் பெயருக்கு எதிரே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சின்னப் புள்ளிகள் வைத்திருந்தேன். எனக்கு மட்டும்தான் புரியும் என்று நினைப்பு. மூன்றாம் வாரம் கையெழுத்துப் போட வந்த ஒரு பெண், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே தன் பெயரருகே இருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தார். விரலை மேலும் கீழும் ஓட்டி மற்றவர்களின் புள்ளிகளையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை, கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் அவரும் வரவில்லை, அவரோடு வழக்கமாக வரும் இரண்டு பேரும் வரவில்லை. வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். உட்கார வைத்து மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் பயிற்சிக்குத் திரும்பவே இல்லை.

இன்னொன்று, ‘மனவளர்ச்சி நிலை’ என்ற சொல்லையே கூட்டத்தில் எடுக்காதீர்கள். தமிழில் அது காதில் விழுந்ததுமே ‘குன்றிய’ என்ற அடுத்த சொல்லும் மனதில் தானாக வந்து நிற்கும்.

சரி, மாதிரிகளுக்கு வருவோம். மாஸ்லோ தேவைகளின் வரிசையை 1943-இல் ஒரு கட்டுரையாக எழுதினார். முக்கோணம் அவர் வரைந்தது அல்ல, பின்னால் வந்தவர்கள் வரைந்தது. ஒரு தேவை முழுதாகத் தீர்ந்த பிறகுதான் அடுத்தது எழும் என்றும் அவர் சொல்லவில்லை, வரிசை மாறலாம் என்று அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. முக்கோணத்தை மட்டும் பார்த்தவர்கள், ‘வீடு ஒழுகுகிறவரிடம் போய்ப் பங்கேற்பு பற்றிப் பேசி என்ன பயன்?’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். என் அனுபவத்தில், அக்கம்பக்கத்தாரைத் திரட்டிக்கொண்டு முதலில் வருகிறவரே வீடு ஒழுகுகிறவர்தான்.

வண்ண நிலைகள் கிளேர் கிரேவ்ஸ் என்ற உளவியலாளரின் ஆய்விலிருந்து கிளைத்தவை. 1990-களில் மேலாண்மைப் பயிற்சிகள் வழியாகப் பரவின. அவற்றைத் தாங்கும் ஆய்வு ஆதாரம் மெலிந்தது, ஆட்களைப் பிரிக்க அதை நம்பாதீர்கள். பெரியவர்களின் மனவளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர்கள் லோவிங்கர், கீகன் ஆகியோரின் மாதிரிகளுக்கு ஆதாரம் கூடுதல்தான். ஆனால் லோவிங்கரின் முறையில், பாதியில் நிற்கும் வாக்கியங்களை ஒருவர் முடித்துத் தர, பயிற்சி பெற்றவர் உட்கார்ந்து மதிப்பிட வேண்டும். கீகனின் முறையில் நீண்ட நேர்காணலே தேவை. பத்து நிமிட வினாத்தாள் இரண்டுக்கும் ஈடாகாது. ஒழுக்கச் சிந்தனையின் நிலைகளை வகுத்த கோல்பர்க் தொடக்கத்தில் ஆய்வு செய்தது முழுக்க ஆண் பிள்ளைகளை மட்டும். பெண்களின் சிந்தனை அந்த ஏணியில் கீழே தள்ளப்படுகிறது என்று 1982-இல் கரோல் கில்லிகன் எதிர்த்து எழுதியதை, பெண்கள் நிறைந்த குழுவோடு வேலை செய்யும் யாரும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அப்படியானால் இவற்றையெல்லாம் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். ‘இவர் எந்த நிலை?’ என்பதை விட்டுவிட்டு, ‘நாம் கொடுக்கும் இந்த வேலை ஒருவரிடம் என்னென்ன கேட்கிறது?’ என்று பாருங்கள். இதற்குக் கீகன் நன்றாகக் கைகொடுப்பார். சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பே நம் முடிவாக இருப்பது ஒரு நிலை, அந்த எதிர்பார்ப்பைத் தள்ளி நின்று பார்த்து நாமே முடிவெடுப்பது இன்னொரு நிலை என்று அவர் பிரிக்கிறார். நமக்கு வேண்டிய வேறுபாடு இதுதான்.

உங்கள் குழு செய்யப்போகும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: வர்ணம் பூச மூன்று ஒப்பந்ததாரர்கள் விலைப்புள்ளி கொடுத்திருக்கிறார்கள், ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எண்களைப் படித்து ஒப்பிடத் தெரிய வேண்டும். மலிவு என்பதால் மட்டும் நல்லது என்று ஆகாது என்பது தெரிய வேண்டும். இவற்றை ஒரு நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் ஒப்பந்ததாரர்களில் ஒருவர் குழு உறுப்பினரின் மைத்துனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘உங்களுக்கு இல்லை’ என்று சொல்லிவிட்டு, மறுநாள் அதே மாடிப்படியில் அந்த உறுப்பினரின் முகத்தில் விழிக்க வேண்டும். வேலையின் உண்மையான கனம் அங்கேதான் இருக்கிறது. பயிற்சி ஏடுகளில் பெரும்பாலும் விட்டுப்போவதும் அதுதான்.

இதற்கு ஒருவருடைய மனம் ‘வளரும்’ வரை காத்திருக்கத் தேவையில்லை. விலைப்புள்ளிகளைப் பிரிப்பதற்கு முன்பே, எதற்கு எத்தனை மதிப்பெண் என்று குழு முழுவதும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மறுக்க வேண்டியவர் தன் முகத்தை முன்னே வைக்காமல் அந்தத் தாளைக் காட்டலாம். ஒருவர் தனியாகச் செய்ய முடிவதற்கும் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையே இருக்கிற பகுதியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் உளவியலாளர் வைகாட்ஸ்கி. அந்தத் துணைக்கு உளவியலில் 1976 முதல் வழங்கும் பெயர் கட்டட வேலையிலிருந்து வந்தது: சாரம். சுவர் காய்ந்ததும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். கட்டும்போதே பிரிக்கும் தேதியையும் யோசித்து வையுங்கள், இல்லையென்றால் திட்டம் முடிந்து நீங்கள் கிளம்பும் நாளில் எல்லாம் சேர்ந்து சரியும்.

நிலைவாரியாகப் பிரிப்பதும் வேண்டாம். கணக்கில் தடுமாறுகிறவர் சண்டையை விலக்குவதில் கெட்டிக்காரராக இருப்பார். வேலைக்கு வேலை ஜோடியை மாற்றிக் கலந்து விடுங்கள். நடித்துப் பார்க்கும் பயிற்சியோடு நிறுத்தாமல், சின்னதாக ஒரு நிஜ வேலையை, நிஜப் பணத்தோடு, சீக்கிரமே கையில் கொடுங்கள். தன்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் என்று 1977-இல் உளவியலாளர் பண்டூரா எழுதினார். நானும் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. குழுக்கள் உருவாகி, மோதி, ஒழுங்குக்கு வந்து, பிறகு வேலை செய்யும் என்று 1965-இல் உளவியலாளர் டக்மன் சொன்ன நிலைகளை உங்கள் ஆலோசகர் நிச்சயம் கொண்டுவருவார். டக்மன் திரட்டிய ஆய்வுகளில் பெரும்பகுதி உளவியல் சிகிச்சைக் குழுக்களையும் மனித உறவுப் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. புதுப்பிக்கும் திட்டத்தில் எழும் மோதல் வேறு மாதிரி. யாருக்குத் தரைத்தளம், யார் வெளியேற வேண்டிவரும் என்பதற்காக மக்கள் கோபப்படும்போது, ‘இது மோதல் நிலை, தானாகக் கடந்துபோகும்’ என்று சொல்வது பெரிய தவறு. அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது திட்டம். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-இல் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகளாக வரைந்தார். கீழிருந்து இரண்டாம் படிக்கு அவர் வைத்த பெயர் ‘சிகிச்சை’: சூழ்நிலையைத் தொடாமல் மக்களைத் திருத்தக் கிளம்புவது. பங்கேற்பே இல்லாத படி அது. உங்கள் வினாத்தாள் அங்கேதான் கொண்டுபோய் விடும் என்று அஞ்சுகிறேன். முக்கியமான முடிவுகளெல்லாம் ஏற்கெனவே எடுத்தாயிற்றா என்பதை முதலில் மேலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடுத்தாயிற்று என்றால், அதை முப்பது பேரிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டு, மிச்சம் இருக்கும் முடிவுகளுக்கு மட்டும் பயிற்சியை அமையுங்கள்.

அப்புறம், நிதி கொடுப்பவர்கள் அறிக்கையில் ‘பயனாளியின் நிலை’ என்று ஒரு பத்தி கேட்பார்கள். அதில் ஆளை எழுதாமல் வேலையை எழுதுங்கள். இப்படி: ‘விலைப்புள்ளி ஒப்பீடு. முதல் முறை பயிற்றுநர் கூடவே இருந்தார். இரண்டாம் முறை மதிப்பெண் தாள் மட்டும் இருந்தது. மூன்றாம் முறை பழைய தாள் போதாது என்று குழுவே புதிதாக ஒன்று எழுதிக்கொண்டது.’