சாயத் தண்ணீரும் காளான் தூளும்

இலங்கையின் கிழக்குக் கரையோர மருதமுனையில் கைத்தறிச் சாயத் தண்ணீரை, காளான் அறுத்து முடிந்த மரத்தூளில் வடித்தும் நிறம் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். காளானில் பிழை இல்லை, சாயம் நூலில் ஒட்டப் போடும் சலவைச் சோடாவில்தான் என்று நினைக்கிறேன். ரியாக்டிவ் சாயம் (பருத்தி நூலோடு வேதிப்பிணைப்பில் ஒட்டும் சாயம்) எதிர்மின்னேற்றம் கொண்டது. தூளில் பரவிய காளான் பூஞ்சையின் செல் சுவரிலுள்ள கைட்டின், கைட்டோசான் என்ற பொருள்கள் அமிலத் தண்ணீரில்தான் நேர்மின்னேற்றம் பெற்று அதைப் பிடிக்கும். சோடா போட்ட தண்ணீர் பிஎச் (அமில, கார அளவு; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம்) 10, 11இல் நிற்கும். அங்கே பிடித்ததையும் விட்டுவிடும். (ஆய்வுகூடத்தில் சாயத்தைக் கழற்றவே காரம் ஊற்றுவார்கள்!)

முதலில் ஒரு போத்தலில் பாருங்கள். மரத்தூளை அவித்து, கழுவல் தண்ணீர் தெளியும்வரை அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் அதன் மஞ்சள் நிறமும் சேர்ந்து குழப்பும். சாயத் தண்ணீரில் பிஎச் தாள் 4 அல்லது 5 காட்டும்வரை வினாகிரி விடுங்கள். சோடா பொங்கும், மூடியை இறுக்க வேண்டாம். அப்புறம் தூளைப் போட்டு, இடைக்கிடை குலுக்கி, மறுநாள் துணியில் வடியுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வினாகிரி விட்ட தண்ணீரில் தூள் போடாத போத்தல் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

நிறம் வெளுத்தாலும் சாயத்துக்குப் போட்ட உப்பு அப்படியே இருக்கும். நம்ம கரையோர மணலில் அது கிணற்றுக்கு இறங்க நாளாகாது, அதனால் வளவுக்குள் ஊற்றாதீர்கள். சாயம் ஏறிய தூளையும் தோட்டத்துக்குப் போட வேண்டாம்.